சிகரெட் அட்டையும் ஒரு தொழிலாளியின் கொடையும்

கல்வெட்டையும் செப்பேட்டையும் நாணயத்தையும் வரலாற்றுச் சான்றாகக் கொள்வதற்கு நாம் பழகிவிட்டோம். வகுப்பறையிலே மாணவருக்கு அவற்றையே எடுத்துக் காட்டுகிறோம். சிகரெட் பெட்டிக்குள் வைத்து வழங்கப்பட்ட, இரண்டு விரல் அகலமே உள்ள வண்ணப்பட அட்டை ஒன்றையும் அவற்றோடு சேர்த்து வைக்கலாம் என்றால், நம் ஆசிரியர்களிற் பலர் நகைக்கவே செய்வர்.

முத்திரையும் தீப்பெட்டிப் படமும் சேர்த்த பருவம் நம்மிற் பலருக்கு உண்டு. அவை பின்னர் என்னவாயின என்று கேட்டாற் பெரும்பாலோருக்கு விடை தெரியாது. வீடு மாறியபோது சில தொலைந்தன; சிலவற்றை அம்மா குப்பையோடு கூட்டித் தள்ளினார்; எஞ்சியவற்றை மருமகன் கேட்டான், கொடுத்துவிட்டோம். அமெரிக்க நாட்டிலே பேஸ்போல் ஆட்டக்காரரின் படம் பொறித்த அட்டைகளைச் சேர்த்தோருக்கு இக்கேள்வி அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. அங்கே ஒரு தொகுதியை விற்பதா, பிள்ளைகளுக்கு விடுவதா, பொதுமக்களுக்குக் கொடுப்பதா என்பது பெரும் பணம் தொடர்பான கேள்வியாக வளர்ந்துள்ளது. அதற்கு ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி தம் வாழ்நாளால் ஒரு விடை தந்தார். சந்தை வேறொரு விடை தந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கவே நாம் இங்கு முற்படுகிறோம்.

அட்டையின் பிறப்பைச் சிகரெட்டுத் தொழிலின் வரலாற்றிலிருந்து பிரித்தறிய இயலாது. 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிற் சிகரெட் கையாலேயே சுருட்டப்பட்டது. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,000 வரை சுருட்டக்கூடியவராயிருந்தார். வட கரோலினா மாநிலத்து டேர்ஹம் நகரிலே புகையிலைத் தொழில் நடத்திய டியூக் குடும்பத்தினர், யூதக் குடியேறிகளான சுருட்டுத் தொழிலாளரை இதற்கென நியூயோர்க்கிலிருந்து அழைத்து வந்தனர். ஜேம்ஸ் பொன்சாக் என்னும் இளைஞர் ஆக்கிய இயந்திரம் 1884இல் டியூக் தொழிற்சாலையில் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அந்தக் கைகளுக்கு வேலையில்லாது போயிற்று. ஒரே இயந்திரம் ஒரு நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளைச் சுருட்டித் தள்ளியது.

முதலாளிக்கு இப்போது வேறொரு தலைவலி. சரக்கு மலையாகக் குவிந்தது. அதனை ஊதித் தள்ளுதற்கு வாய்கள் போதவில்லை. விளம்பரத்தின் தேவை இங்கேதான் பிறந்தது. மெல்லிய தாட்பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைப்பது வழக்கம். அந்த அட்டையிலே படமொன்றை அச்சிட்டால் என்ன? நடிகையர், நாட்டுக் கொடிகள், பறவைகள், படைத்தலைவர், ஆட்டக்காரர் எனத் தொடர் தொடராகப் படங்கள் வெளிவந்தன. ஒரு தொடரின் பாதி கைக்கு வந்தவன் மறுபாதிக்காக அதே பெட்டியை மீண்டும் வாங்குவான் என்பது கணக்கு. புகைக்காத சிறுவரும் கடை வாயிலில் நின்று, சிகரெட் வாங்கி வெளியேறும் பெரியோரிடம் அட்டையைக் கேட்டுப் பெற்றனர். இவ்வட்டைகள் இலவசமாக வழங்கப்பட்டன என்று எழுதுவோர் இன்றும் உளர். சிகரெட்டின் விலைக்குள்ளே அட்டையின் விலையும் அடங்கியிருந்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

1890இல் டியூக் தம் போட்டியாளரையும் ஒன்றுசேர்த்து அமெரிக்கப் புகையிலைக் கம்பனியை அமைத்தார். தனியுரிமை கைக்கு வந்தபின் விளம்பரத்துக்கு அவசியம் குறைந்தது. அட்டைகளும் சில காலம் அருகின. பின்னர் 1909 முதல் 1911 வரை அக்கம்பனி தன் சிகரெட் வகைகளோடு 500க்கும் மேற்பட்ட பேஸ்போல் ஆட்டக்காரர் படங்களை வெளியிட்டது. 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உயர் நீதிமன்றம் அக்கம்பனியைத் தனியுரிமைக் குற்றத்திற்காகக் கலைக்கக் கட்டளையிட்டது. அட்டைகள் மட்டும் எஞ்சின.

அந்த ஐந்நூறு சொச்சம் படங்களிலே கறுப்பு அமெரிக்கர் ஒருவருமில்லை. அவர்களுக்குப் பெருங்கழகங்களின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. 1947இல் ஜாக்கி றொபின்சன் புறூக்லின் அணிக்கு ஆடவந்தபோதே அது திறந்தது. ஆகவே இவ்வட்டைத் தொகுதி எவரைக் காட்டுகிறதோ அவரைப் போலவே, எவரைக் காட்டவில்லையோ அவரைக் குறித்தும் சான்று பகர்கிறது. இதைச் சொல்வதற்குத் தொகுதி கலையாமல் முழுமையாக இருத்தல் வேண்டும். தனித்தனியே விற்றுப் போன ஓர் அட்டை எவர் விடுபட்டார் என்பதைக் கூறமாட்டாது.

அத்தொடரிலே பிற்ஸ்பேர்க் அணியின் ஹோனஸ் வாக்னருடைய அட்டைதான் பின்னாளிற் பேர் பெற்றது. பென்சில்வேனியாவில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்திலே 1874இற் பிறந்தவர் வாக்னர். அவர் பிறந்த சுரங்க ஊருக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் என்ன தெரியுமா? எஃகு முதலாளி அன்ட்ரூ கார்னெகியின் பெயர்! பன்னிரண்டு வயதிற் பள்ளியை விட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குச் சென்ற சிறுவனாகிய வாக்னர், பந்தாட்டத்தினால் அதிலிருந்து மீண்டார். புகையிலைக் கம்பனி தம் படத்தை வெளியிடுவதற்கு அவர் இணங்கவில்லை. ஆகவே அச்சு இடையில் நிறுத்தப்பட்டது. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 50 அல்லது 60 படிகளே.

அவர் ஏன் மறுத்தார்? சிறுவர் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு சாரார் கூற்று. வாக்னர் தாமே புகையிலை மெல்லுபவர். கம்பனி அவருக்குப் பணம் தராததே காரணம் என்பது மற்றொரு சாரார் கூற்று. பின்னதைக் கூறுவோர் ஏதோ இழிவைக் கண்டுபிடித்தவர் போலக் குரலைத் தாழ்த்திக் கூறுவர். நமக்கோ அதில் இழிவெதுவும் தென்படவில்லை. தன் முகத்தைக் காட்டிச் சரக்கு விற்பவனிடம் தன் பங்கைக் கேட்பதற்குச் சுரங்கத்திலே வேலை செய்தவனுக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

இனி நாம் கூறவந்த தொழிலாளியிடம் வருவோம். ஜெபர்சன் பேர்டிக் 1900இல் நியூயோர்க் மாநிலத்திலே பிறந்தார். சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்திற் கற்ற அவர், அந்நகரத்து மின்கருவித் தொழிற்சாலை ஒன்றிலே பாகங்களைப் பொருத்தும் வேலையிலமர்ந்தார். திருமணம் செய்யவில்லை. நடுவயதுக்கு முன்னரே மூட்டுவாதம் அவரைப் பற்றிக்கொண்டது. பேஸ்போல் ஆட்டத்தில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் மனம் பற்றியது அச்சிட்ட தாளையே. தபாலட்டை, வாழ்த்தட்டை, கடைக்காரரின் விளம்பர அட்டை, சுருட்டைச் சுற்றிவரும் வளையத்தாள் என, மக்கள் கையிலெடுத்துப் பார்த்து எறிந்துவிடும் தாள்களையெல்லாம் அவர் சேர்த்தார். ஆட்டக்காரர் அட்டைகள் அவற்றில் ஒரு பகுதியே.

சேர்ப்போர் உலகெங்கும் பலர் உளர். பேர்டிக்கின் தனிப்பணி ஒழுங்குபடுத்தியதிலே உள்ளது. யார் வெளியிட்டது, எந்த ஆண்டு, ஒரு தொடரில் எத்தனை என்பதை அறிய அன்று நூலெதுவும் இருக்கவில்லை. அவர் 1937இல் அட்டை சேர்ப்போருக்கென ஒரு சிறு செய்தித்தாளைத் தொடங்கினார். 1939இல் ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார்; அது திருத்தியும் விரித்தும் 1946, 1953, 1960 ஆகிய ஆண்டுகளில் 'அமெரிக்க அட்டைப் பட்டியல்' என வெளிவந்தது. இருபதாம் நூற்றாண்டின் புகையிலை அட்டைகளுக்கு 'ரீ' என்னும் எழுத்தை வகுத்து, ஒவ்வொரு தொடருக்கும் ஓர் இலக்கம் இட்டார். மேலே நாம் கூறிய 1909ஆம் ஆண்டுத் தொடருக்கு அவர் இட்ட பெயர் ரீ-206. இன்று ஏலச்சாலைகளிற் கோடிக்கணக்கிற் பணம் கைமாறும்போது ஏலக்காரன் உச்சரிக்கும் பெயரும் அதுவே. அந்தத் தொழிலாளியின் உழைப்பை நாள்தோறும் பயன்படுத்தும் சந்தை, அதற்கென ஒரு சதமும் அவருக்குச் செலுத்தியதில்லை.

தம் தொகுதியை என் செய்வது என்ற எண்ணம் நாற்பதுகளிலேயே அவருக்கு எழுந்தது. உடல் தளர்ந்து வந்தது. வாரிசு இல்லை. விற்றிருந்தால், வருத்தும் மூட்டுகளுடன் உழைத்த மனிதருக்குச் சற்று இளைப்பாறுதல் கிடைத்திருக்கும். அவர் நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் நூதனசாலைக்குத் தம் தொகுதி முழுவதையும் கொடுக்க முன்வந்தார். 1947 முதல் பகுதி பகுதியாக அனுப்பத் தொடங்கினார்.

இந்த நூதனசாலை எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். ரீ-206 அட்டைகள் சிகரெட் பெட்டிகளில் வெளிவந்த நாட்களில் அதன் தலைவராயிருந்தவர் வங்கி முதலாளி ஜே. பி. மோர்கன். ஐரோப்பிய ஓவியங்களும் கிரேக்கச் சிலைகளும் எகிப்தியப் புதையல்களும் நிறைந்த மாளிகை அது. அவ்விடத்துக்கு ஒரு தொழிலாளி சிகரெட் அட்டைகளைக் கொண்டுசெல்கிறார்! அச்சுப்படப் பகுதியின் காப்பாளராயிருந்த ஹயற் மேயர் இதனை ஏற்றுக்கொண்டது அவரது பரந்த நோக்கைக் காட்டுகிறது. மக்கள் வாழ்க்கையை அறிய விரும்புவோனுக்கு இத்தாள்கள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனினும் இவ்வளவு தாள்களை ஒழுங்குபடுத்துதற்கு அவரிடம் ஆளில்லை. அவ்வேலையையும் பேர்டிக்கே ஏற்றார்.

அதன் பின்னர் ஏறத்தாழப் பதினைந்தாண்டுகள் அவர் செய்த வேலையை நாம் எளிதிற் கடந்து செல்ல முடியாது. முதலில் சிரக்கியூசிலிருந்து விடுமுறைகளில் வந்துபோனார். 1959இல் நியூயோர்க் நகருக்கே குடிபெயர்ந்தார். நூதனசாலையின் ஒரு மேசையிலே அமர்ந்து, வளைந்துபோன விரல்களால் அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தொகுப்பேடுகளில் ஒட்டினார். கொடுத்ததும் அவர், கொடுத்ததை அடுக்கியதும் அவர். ஒரு செல்வர் ஓவியமொன்றைக் கொடையளித்தாற் சுவரிலே அவர் பெயர் பொறிக்கப்படுகிறது. ஆணியடித்து மாட்டுபவன் வேறொருவன். இங்கே இருவரும் ஒருவரே. 1963 ஜனவரி 10ஆம் நாள் அவ்வேலை முடிந்தது. மறுநாள் மருத்துவமனையிற் சேர்ந்தார். இரண்டு மாதங்களின் பின், மார்ச் 13இல், காலமானார். 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அவர் கொடையில் இருந்தன. பேஸ்போல் அட்டைகள் மட்டும் 30,000க்கும் மேல். வாக்னரின் அட்டையும் அவற்றுள் ஒன்று.

பேர்டிக்கின் பட்டியலிலே அவ்வட்டைக்குக் குறிக்கப்பட்ட விலை 50 டொலர். அக்காலத்தில் அதுவே வியப்பை ஊட்டிய தொகை. ஏனைய ரீ-206 அட்டைகள் சில சதங்களுக்கே கிடைத்தன. அவர் இறந்தபின் இதே வாக்னர் அட்டையின் வேறொரு படிக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம்.

1985இல் ஒரு வணிகர் அதனை 25,000 டொலருக்கு வாங்கினார். இரண்டாண்டுகளில் அது 1 இலட்சத்து 10 ஆயிரத்துக்குக் கைமாறியது. 1991இல் நியூயோர்க் சொதபீஸ் ஏலத்தில், ஹொக்கி வீரர் வேய்ன் கிறெட்ஸ்கியும் அவரது பங்காளியும் 4 இலட்சத்து 51 ஆயிரம் கொடுத்து வாங்கினர். பின்னர் வோல்மார்ட் என்னும் பெருங்கடை நிறுவனத்தின் பரிசுச் சீட்டிழுப்பிலே அது பரிசுப்பொருளாயிற்று. பரிசு பெற்றவர் புளோரிடா மாநிலத்துத் தபால் ஊழியரான ஒரு பெண்மணி. கதைகளில் இத்தகைய இடத்திலே வறியவர் வாழ்வு மலர்ந்துவிடும். இங்கேயோ, பரிசுக்குரிய வரியைக் கட்ட அவரிடம் பணமில்லை. ஆகவே 1996இல் அதனை ஏலத்தில் விட்டார்; 6 இலட்சத்து 40 ஆயிரத்து 500 டொலருக்கு விலைபோயிற்று. அவருக்கு அதனால் நல்ல தொகை கிடைத்திருக்கும் என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் அட்டையை வைத்திருக்கும் உரிமை தொழிலாளிக்குக் கட்டுபடியாகாத ஒன்றாகிவிட்டதை மறந்துவிடவும் மாட்டோம். 2000இல் விலை 12 இலட்சத்து 65 ஆயிரம். 2007இல் 28 இலட்சம்.

இவ்வளவு உயர்ந்த விலைக்குக் காரணம் அவ்வட்டையின் ஓரங்கள் கூர்மையாயும் கசங்காமலும் இருந்தமையே. தரம் குறிக்கும் கம்பனியொன்று 1991இல் தொடங்கியபோது முதன்முதல் தரமிட்டு நெகிழிக் கூட்டுக்குள் அடைத்ததும் அதனைத்தான். அந்தக் கூர்மையின் மறைபொருள் 2013இல் வெளிப்பட்டது. 1985இல் அதனை வாங்கிய அதே வணிகர், வேறு மோசடிகளோடு, அவ்வட்டையின் ஓரங்களைத் தாம் வெட்டிச் சீராக்கியதையும் சிக்காகோ நீதிமன்றில் ஒப்புக்கொண்டார். வரலாற்றுப் பொருளின் ஓரத்தை நறுக்கிவிட்டு, 'பழமை மாறாதது' என்று விலை கூறியிருக்கிறார்கள். சந்தை இதனால் அதிர்ந்ததா? இல்லை. 2022 ஓகஸ்டில் வாக்னர் அட்டையின் மற்றொரு படி 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு விலைபோனது. அதே மாதத்தில் மிக்கி மான்ரிலின் 1952ஆம் ஆண்டு அட்டையொன்று 1 கோடியே 26 இலட்சத்துக்கு விற்றது.

மான்ரில் அட்டையின் கதை வேறொரு வகையிற் சுவையானது. அதனை வெளியிட்டது ரொப்ஸ் என்னும் சூயிங்கம் கம்பனி; புகையிலையின் இடத்தை அப்போது இனிப்பு பிடித்திருந்தது. 1952இன் பிற்பகுதியில் வெளியிட்ட அட்டைகள் விலைபோகவில்லை. எண்ணற்ற பெட்டிகள் கிடங்கிலே தேங்கின. 1960இல் அவற்றைத் தெப்பத்திலேற்றி அத்திலாந்திக் சமுத்திரத்திற் கொட்டியதாக, அவ்வட்டைகளை வடிவமைத்த சை பேர்கரே பின்னாளிற் கூறியிருக்கிறார். கோதுமையும் கோப்பியும் விலை வீழ்ச்சிக் காலத்தில் அழிக்கப்பட்டதை நாம் படித்திருக்கிறோம். இங்கே சிறுவர் படங்கள். கடலுக்குச் சென்றவற்றின் அருமையே கரையில் நின்றவற்றின் கோடி.

இந்தக் கோடிகளிலே ஆட்டக்காரனுக்கு என்ன பங்கு என்ற கேள்வி எழுகிறது. பழைய அட்டை மறுபடி விற்கும்போது ஒன்றுமில்லை. புதிதாக அச்சிடும்போதும் நெடுங்காலம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றே கூறவேண்டும். ரொப்ஸ் ஓர் ஆட்டக்காரருக்கு ஆண்டொன்றுக்கு 125 டொலர் கொடுத்துவந்தது. 1966இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு மார்வின் மில்லர் வந்தார். எஃகுத் தொழிலாளர் சங்கத்திற் பயின்றவர் அவர். தனித்தனியே கையொப்பமிட்ட ஆட்டக்காரரைச் சேர்ந்து மறுக்கும்படி செய்தார். ரொப்சுடன் புதிதாகக் கையொப்பமிடப் பலர் மறுக்கவே, 1968இல் கம்பனி இறங்கி வந்தது. தொகை 250 டொலராயிற்று. விற்பனையில் ஒரு வீதமும் சங்கத்துக்குக் கிடைத்தது. வாக்னர் தனியனாக மறுத்ததற்கும் இவர்கள் ஒன்றுசேர்ந்து மறுத்ததற்கும் இடையே ஏறத்தாழ அறுபதாண்டுகள்.

சாதாரண குடும்பங்களின் நிலை யாது? கோடிகளின் செய்தி பத்திரிகைகளில் வரவர, 1980களின் பிற்பகுதியில் ஆயிரமாயிரம் பெற்றோர் அட்டைகளைச் சேமிப்பாகக் கருதி வாங்கினர். பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவும் என்று நம்பி, பெட்டியைப் பிரிக்காமலே மேல்மாடத்தில் அடுக்கியோரும் உண்டு. கம்பனிகளும் அளவின்றி அச்சிட்டுத் தள்ளின. எல்லோரும் பத்திரமாக வைத்த பொருள் எவ்வாறு அரிதாகும்? இன்று அப்பெட்டிகளை வணிகரிடம் கொண்டுசெல்லும் பிள்ளைகள், வாங்கிய விலையும் பெறாமல் திரும்பி வருகின்றனர். தந்தை சேர்த்தது தமக்கு ஒரு சுமையாயிற்றே என்று அவர்கள் வருந்துவதில் வியப்பில்லை. நம் பக்கத்தில் இத்தகைய அட்டை இல்லை. ஆனால் ஏமாற்றத்தின் வடிவம் நமக்கு அந்நியமானதன்று.

விற்பவரையெல்லாம் நாம் பழிப்பதாக வாசகர் கருதவேண்டாம். 2010இல் போல்ரிமோர் நகரத்துக் கன்னியர் சபை ஒன்றுக்கு வாக்னர் அட்டையொன்று மரணசாசனத்தின் மூலம் வந்துசேர்ந்தது. சபையிலிருந்து மறைந்த ஒரு சகோதரியின் உடன்பிறந்தார், தாம் 1936 முதல் வைத்திருந்ததை விட்டுச் சென்றிருந்தார். அதன் மூன்று ஓரங்கள் வெட்டுண்டு, மேலே நெகிழித் தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஆயினும் ஏலத்தில் 2 இலட்சத்து 62 ஆயிரம் டொலர் வரை சென்றது. பணத்தை ஏழைகளுக்கான தம் பணிகளுக்கு அவர்கள் பயன்படுத்தினர். அவர்கள் அதனை நூதனசாலைக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர்களின் ஏழைகளும் பொதுமக்களே. மறுபுறம், கொடுப்பதெல்லாம் தொழிலாளியின் குணம் என்று நாம் எழுதிவிடவும் முடியாது. பிரித்தானிய நாட்டிலே சுரங்கத் தொழிலில் உயர்பதவி வகித்த எட்வேட் வார்ட்டன்-டைகர் என்பவர், 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட் அட்டைகளைச் சேர்த்து, 1995இல் இறந்தபோது பிரித்தானிய நூதனசாலைக்கு விட்டுச் சென்றார்.

ஆயினும் ஒரு வேறுபாடு நம் கண்ணிற்படாமற் போகவில்லை. ஏலத்தில் விலைபோன வாக்னர் அட்டையை இன்று எவர் வைத்திருக்கிறாரோ அவரன்றி வேறெவரும் காண்பதற்கு உரிமை கோர முடியாது. அவர்தாமும் நெகிழிக் கூட்டை உடைத்துக் கையால் தொடமாட்டார். தொட்டால் விலை இறங்கும். பேர்டிக்கின் தொகுதியிலோ அந்த அட்டை, தன் தொடரின் மற்ற அட்டைகளோடும், அதே கம்பனி வெளியிட்ட நடிகையர் படங்களோடும், அக்காலக் கடைக்காரரின் விளம்பரங்களோடும் சேர்ந்திருக்கிறது. அச்சுத் தொழிலை ஆராய்பவரும், உடைகளின் வரலாற்றை எழுதுபவரும், விளம்பரத்தின் வளர்ச்சியை அறிய விரும்பும் மாணவரும் அதனிடம் செல்கின்றனர். நூதனசாலையும் அதிலிருந்து பேஸ்போல் அட்டைகளை எடுத்துக் காலத்துக்குக் காலம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது.

இன்றைய வணிகர் சிலர் பேர்டிக்கைக் குறித்து ஒரு குறை சொல்வதுண்டு. அவர் அட்டைகளைப் பசை தடவி ஏட்டிலே ஒட்டிவிட்டார். பின்புறம் பசை பட்ட அட்டைக்குத் தரம் குறிக்கும் கம்பனிகள் உயர்ந்த தரம் வழங்குவதில்லை. சந்தைக் கணக்கிலே பெரும் பணத்தை அம்மனிதர் தம் கையாலேயே அழித்துவிட்டார் என்பர். அந்த ஏடுகள் இன்றும் நூதனசாலையின் அச்சுப்படப் பகுதியிலே, அவர் ஒட்டிய ஒழுங்கிலேயே இருக்கின்றன.